சாவில்லாமல் அழிந்த போர்டு

அத்தியாயம் 17

ஜானட் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். "புதன்கிழம வரைக்கும் வாய மூடிகினு இருய்யா."

அவள் புருஷன் லூர்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். கைதான் சும்மா இருக்கவில்லை.

போன வாரம் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நிறுத்தியிருந்தோம். மகள் சாண்ட்ராவின் இடது முட்டிக்குள் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் ஒன்பது மாதம் பந்தைத் தொடக் கூடாது. ஆனால் அடுத்த மாதம் அவளுக்கு இருபத்தைந்து வயது முடிகிறது. விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலைக்கு அதற்குமேல் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்தப் புதன்கிழமை பாஸ்கெட்பால் தேர்வு ஒன்றுதான். வேலையில் சேர்ந்துவிட்டு முட்டியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவும் பெண்ணும் முடிவு செய்தார்கள். கோச் செங்கொடி அரை மனதாகத் தலையாட்டினாள். லூர்துவிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கருத்து கேட்காவிட்டால் லூர்துவுக்குத் தூக்கம் வராது என்பது ராயபுரத்துக்கே தெரியும்.

அவருடைய கருத்துகளுக்கென்று ஒரு போர்டு இருக்கிறது. தெருமுனை ஃபுட்பால் கிளப் ஷட்டருக்குப் பக்கத்தில், ஆள் உயரக் கரும்பலகை. ஹார்பரில் கிரேன் ஓட்டிய காலத்திலிருந்தே தினமும் காலையில் எழுதுகிறார். இடப்பக்கம் ஃபுட்பால். சாண்ட்ரா பந்தைக் கையில் எடுத்த வருஷத்திலிருந்து வலப்பக்கம் பாஸ்கெட்பால். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதுவார், காய்ந்ததும் எழுத்து பளிச்சென்று நிற்கும். எழுதியதை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. தெருவில் சாவு விழுந்தால் மட்டும்தான் நடுவில் அழிப்பார்கள். அழித்துவிட்டு, போனவரின் பேரையும் எடுக்கும் நேரத்தையும் எழுதுவார்கள். எந்தக் கட்சி கேட்டாலும், எந்தக் கோயில் திருவிழா வந்தாலும் இந்தச் சட்டம் மாறியதில்லை.

புதன்கிழமை விடிவதற்குள் செங்கொடி ஆட்டோவில் வந்து சாண்ட்ராவை அழைத்துப் போய்விட்டாள். லூர்து மகள் நெற்றியில் சிலுவை போட்டார். அவள் முட்டியைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

ஆறு மணிக்கு ஜானட் இறால் கம்பெனிக்குக் கிளம்பினாள். அப்போது போர்டில் இடப்பக்கம் மட்டும்தான் எழுதியிருந்தது.

'நம்ம ஊரு லீக்கு எப்ப ஆரம்பிக்கும்னு என்னாண்ட கேக்காதீங்க. ஆரம்பிக்கிறவனுக்கே தெரியாது. மீட்டிங்கு மேல மீட்டிங்கு போட்டுகினு கீறாங்க. பந்துதான் மைதானத்துக்கு வரல. வெளிநாட்ல ஒரு பெரிய கிளப்பு மூணு மாசத்துல ரெண்டாவது கோச்ச தொரத்திட்சி. கோல் போடாதவன் ஆட்டக்காரன், மூட்டை கட்றது கோச்சு. இன்னா நியாயம் இது?'

ஜானட் படித்தாள். ஆபத்தில்லை என்று பட்டது. சாப்பாட்டுத் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு நடந்துவிட்டாள். இன்னும் பத்து நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா என்று எனக்கே இருக்கிறது.

லூர்து வலப்பக்கம் வந்தார். அமெரிக்க பாஸ்கெட்பாலில் பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கடி ஒரு மேட்ச் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறார்கள் என்ற செய்தி அவரை ரொம்ப நாளாகவே காண்டாக்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மனசு வேறு அடித்துக்கொண்டிருந்தது. மகள் அங்கே கட்டுப் போட்ட காலோடு நிற்கப் போகிறாள், அதை யாரிடமும் சொல்லி மெச்சிக்கொள்ள முடியாது. எழுத ஆரம்பித்தார்.

'காலுக்கு ரெஸ்டாம். கோடி கோடியா வாங்கிகினு பெஞ்சில குந்திகினு கீறானுங்க. டிக்கெட் எடுத்தவன் இளிச்சவாயன். நம்ம தெருவுல ஒரு பொண்ணு கீது. முட்டி ஜவ்வு பாதி கிழிஞ்ச காலோட மூணு மாசமா ஆடிகினு கீது. ஒரு மேட்ச்சு உக்காரல. ஆட்டக்காரின்னா அவதான். கருத்து: லூர்து.'

பேர் போடவில்லை. அதுவே தன் சாமர்த்தியம் என்று நினைத்தார். அந்தத் தெருவில் பாஸ்கெட்பால் ஆடுகிற பெண் ஒருத்திதான் என்பது எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. மனுஷன் அந்த நிமிஷம் அப்பாவாக இருந்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும். சாக்பீஸைப் பிடித்தால் அவர் வெறும் ரசிகர்.

ஏழு மணிக்கு பக்தவச்சலம் சைக்கிளில் வந்தார். கிளப்பின் செயலாளர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கொருக்குப்பேட்டையிலிருந்து தினமும் இதைப் படிப்பதற்கென்றே வருகிறவர்.

"மாமு, இன்னிக்கு சும்மா கிழிச்சிட்ட போ," என்றார். "அந்த ரெஸ்ட் மேட்டரு சூப்பரு."

வழக்கம்போல் போனில் படம் எடுத்தார். வழக்கம்போல் நான்கு குரூப்பில் போட்டார். லூர்துவுக்கு அந்தக் காலைதான் கடைசியாக நிம்மதியாக இருந்த காலை.

பதினொன்று அடிக்கும்போது, போர்டுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்குச் செங்கொடியிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, போர்டுல இன்னா எழுதினீங்க?"

"இன்னாத்த எழுதினேன்? நம்ம லீக்கப் பத்தி..."

"அது இல்லணா. வலப்பக்கம்."

லூர்து போர்டை அண்ணாந்து பார்த்தார். தன் கையெழுத்தையே முதல் தடவையாகப் படிப்பவர்போல் படித்தார்.

"ஆட வந்த இன்னொரு பொண்ணோட அப்பா போன்ல இந்தப் படம் கீது. நேரா கமிட்டியாண்ட கொண்டுபோய் காமிச்சிட்டாரு. அவங்க சாண்ட்ராவ தனியா உள்ள கூப்ட்டுகீறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. வெச்சிடறேன்."

லூர்து டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இந்த வாயைத்தானே அவள் மூடச் சொன்னாள், கையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று ஜானட் மேல் ஒரு நொடி கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்காக வெட்கமும் வந்தது.

டீக்கடை வாளியில் கிடந்த துணியைப் பிழிந்தார். போர்டுக்குப் போனார். மேலிருந்து கீழாக, இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாவற்றையும் துடைத்தார். படம் ஊரெல்லாம் போன பிறகு துடைத்து என்ன ஆகப்போகிறது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு அவரால் நிற்க முடியவில்லை.

தெரு நின்றுவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்த தாமஸ் கையை நிறுத்தினார். கேரம்போர்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர் அதை அவிழ்த்தார்.

"யாருணா போனது?" என்று தாமஸ் மெதுவாகக் கேட்டார்.

"யாரும் இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு அழிக்கற?"

அதற்குள் மூன்றாவது வீட்டிலிருந்து மலர் ஓடி வந்தாள். அவள் புருஷன் பிரகாஷ் பன்னிரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறான், நெஞ்சில் தண்ணீர். மாமியாரை அங்கே விட்டுவிட்டு, குளித்து மாற்றுத்துணி எடுத்துப் போக வந்திருந்தாள். ஈரத் தலையோடு வெறும் போர்டைப் பார்த்தாள். லூர்து கையில் துணியைப் பார்த்தாள். அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை, "நான் இப்பதான வந்தேன், நான் இப்பதான வந்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மலரு, உம் புருஷனுக்கு ஒண்ணும் இல்லம்மா. யாருக்கும் ஒண்ணும் இல்ல. எழுந்திரு."

"பொய் சொல்லாதணா. எத்தினி மணிக்கு போச்சி உயிரு?"

தாமஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு மாமியார் குரலைக் கேட்க வைத்த பிறகுதான் அவள் நம்பினாள். நம்பியதும் எழுந்து லூர்துவின் முன்னால் வந்து நின்றாள்.

"சாவு இல்லாம எதுக்குணா அழிச்ச? எங் கொல பதறிப் போச்சே. எதுக்கு அழிச்சன்னு சொல்லு."

லூர்து என்ன சொல்வார்? எழுதியதை மாற்றுகிறேன் என்றால் எதை என்று கேட்பார்கள். "தப்பு நடந்துபோச்சும்மா," என்று மட்டும் சொன்னார். மலர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு ஐந்து மணி வரை லூர்து அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. தாமஸ் வைத்த டீயில் ஆடை படிந்தது.

கிளப்புக்கு எதிரிலேயே லூர்துவின் வீடு, முதல் மாடி. தெருவைப் பார்த்தமாதிரி குறுகலான படிக்கட்டு. சாண்ட்ரா ஆட்டோவிலிருந்து இறங்கினாள், அப்பாவைப் பார்த்தாள், படியேறினாள். தெருவில் பார்க்கிறவர்களுக்காக முதல் நான்கு படியை நேராக ஏறினாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

லூர்து பின்னாலேயே போனார். அவள் தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முட்டி உரித்த தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது.

"எத்தினி பாயிண்டு?" என்று லூர்து கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அதுதான் அவர் வாயில் வந்தது. சாண்ட்ரா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியது, உதட்டோரம் சிரிப்பும் வந்தது.

"பதினெட்டு. கடைசி கால் மணில எட்டு. அவங்க டிஃபென்ஸ்ல எவளும் கிட்ட வரல நைனா."

"பதினெட்டு," என்றார் லூர்து. போர்டில் எழுத வேண்டிய எண். எழுத முடியாத எண்.

"அப்பால உள்ள கூப்ட்டாங்க. அஞ்சி பேரு. ஒருத்தரு நீ எழுதனத சத்தமா படிச்சிகாட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இது உன்னப் பத்தியான்னு கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

சாண்ட்ரா கட்டுத்துணியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"எங்க நைனா குடிப்பாருன்னு சொன்னேன். காலைலயே குடிப்பாரு, குடிச்சிட்டு வாய்க்கு வந்தத எழுதுவாரு, தெருவுல யாரும் அத்த நம்பமாட்டாங்கன்னு சொன்னேன்."

வெளியே கூட்ஸ் வண்டி போகிற சத்தம் கேட்டது.

லூர்து குடித்தவர்தான். தெரிந்தவர்களுக்குத் தெரியும். வாசலில் நிற்கவைத்து ஜானட் "ஊது" என்பாள். வாடை இல்லாவிட்டால்தான் சோறு, இருந்தால் படிக்கட்டில் படுக்கை. தெருவே பார்த்திருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் போதையில், உயிரோடு இருந்த ஒரு மனுஷனின் பேரை இறந்தவர் என்று போர்டில் எழுதிவிட்டார். அன்றைக்கு பக்தவச்சலம் சாக்பீஸ் பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டார். குடியை விட்டு ஆறு மாதம் ஆன பிறகு கொடுத்தார். "மறுபடியும் தொட்டன்னா சாவிய நீயே குடுத்துடணும் மாமு, நான் கேக்கற மாதிரி வெக்காத," என்று சொல்லிக் கொடுத்தார். பெட்டியைப் பூட்டிய நாளிலிருந்து இன்றுவரை லூர்து ஒரு சொட்டு தொட்டதில்லை. சாவி அவர் இடுப்பு அரைஞாணில் தொங்குகிறது.

"நான் வேற இன்னா நைனா சொல்றது?" சாண்ட்ரா கட்டுத்துணியை மூலையில் எறிந்தாள். "நீ எழுதுவன்னு நான் நெனச்சனா? ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் உன்னால சும்மா இருக்க முடியலயா?"

"நீ கரீட்டாதான் சொன்ன," என்றார் லூர்து. "அவங்க நம்பினாங்களா?"

"பாதி. அதுல ஒருத்தரு தண்டையார்பேட்ட. செவப்பு ஹெல்மெட்டு, ஸ்கூட்டர்ல வந்தாரு. வூட்டுக்குப் போற வழிதான், சாயந்திரம் அந்த தெருவுல ஒரு எட்டு விசாரிச்சுட்டுப் போறேன்னாரு. நீ எழுதனது நெஜம்னா ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாங்க. பொய்ன்னா வெறும் டாக்டர் செக்கப்போட முடிஞ்சிடும்." அப்புறம், "அம்மாவுக்குச் சொல்லாத. நானே சொல்றேன்," என்றாள்.

லூர்து தலையாட்டினார். ஒரு துணியில் ஐஸ் கட்டி அவள் முட்டியில் வைத்தார். பிறகு கீழே இறங்கினார்.

ஐந்தரை மணி. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களால் டீக்கடை நிறைந்திருந்தது. பெட்டியைத் திறந்து, சாக்பீஸை நனைத்து, லூர்து போர்டின் நடுவில் எழுதினார். கடைசியில் யாரோ செத்துத்தான் விட்டார் என்று எல்லோரும் கிட்டே வந்தார்கள். அவர் பேசுவதுபோல் எழுதுகிறவர். இன்றைக்கு மட்டும் ஆபீஸ் கடிதம்போல் எழுதினார்.

'இன்று காலை இங்கே எழுதிய பாஸ்கெட்பால் கருத்து பொய். அதை நான் குடித்துவிட்டு எழுதினேன். லூர்து.'

தாமஸ் "அதான் காலைலயே அழிச்சிகினு இருந்தியா," என்று முணுமுணுத்தார்.

பக்தவச்சலத்துக்கு யாரோ போன் செய்திருக்க வேண்டும். கால்மணி நேரத்தில் சைக்கிள் வந்தது. அவர் போர்டை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலைல எங்கிட்ட நல்லாதான பேசின மாமு."

லூர்து சட்டையைத் தூக்கி, அரைஞாணில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். எட்டரை வருஷத்து முடிச்சு. தாமஸ் கத்தி கொண்டுவந்து அறுத்துக் கொடுத்தார். சாவி பக்தவச்சலத்தின் கைக்குப் போனது. அவர் அதைப் பையில் போட்டுக்கொள்ளக்கூட மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில் ஒரு ஸ்கூட்டர் மெதுவாக வந்து டீக்கடை ஓரம் நின்றது. சிவப்பு ஹெல்மெட். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல், கண்ணாடியை மட்டும் மேலே தள்ளி, போர்டைப் படித்தார். போனை எடுத்துப் படம் எடுத்தார். ஒரே நாளில் இரண்டாவது முறையாக லூர்துவின் எழுத்து அந்தக் கமிட்டிக்குப் போகப் போகிறது.

"இங்க லூர்துன்றது யாரு?" என்று தாமஸிடம் கேட்டார்.

தாமஸ் மோவாயால் காட்டினார். "அதோ. ஒம்போது வருஷம் நல்லா இருந்தாரு சார். ஊரு கண்ணு."

லூர்துவுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்தது. வேலை முடிந்துவிடும்போல இருந்தது. ஆள் இன்னும் ஒரு நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்.

அப்போதுதான் தெருமுனையில் ஜானட் திரும்பினாள்.

நாள் முழுக்க ஐஸில் கிடந்து வெளுத்த விரல்கள், கையில் காலித் தூக்கு. கூட்டத்தைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டாள். ஜனம் அவளுக்கு வழி விட்டது. போர்டின் முன் நின்று படித்தாள். காலையில் வலப்பக்கம் என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. என்ன பொய், எது கருத்து, ஒன்றும் அவளுக்குத் தேவைப்படவில்லை. 'குடித்துவிட்டு' என்ற இடத்திலேயே கண் நின்றுவிட்டது.

தூக்கைத் தரையில் வைத்தாள். லூர்துவின் எதிரில் வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஊது."

லூர்து அசையவில்லை.

"ஊதுய்யா." இன்னும் கிட்டே வந்தாள். அவள் மூக்கு அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "ஒம்போது வருஷம் உன்ன ஒரு நாள் கேட்டிருப்பனா? இப்ப கேக்கறேன். பொய்ன்னா ஊது. இந்தத் தெரு பாக்கட்டும்."

அவர் வாயில் காலையில் குடித்த டீயின் வாடைகூட இல்லை. ஊதினால் போதும். ஜானட் அந்த இடத்திலேயே அழுது அவர் தோளில் சாய்ந்துவிடுவாள். பக்தவச்சலம் சாவியைத் திருப்பித் திணிப்பார். தெரு சிரிக்கும். சிவப்பு ஹெல்மெட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நிற்கும்.

லூர்து உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

ஜானட்டின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அவள் அவரை அடித்திருந்தால் தேவலாம். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "விடு ஜானட்டு, வா வூட்டுக்கு," என்றாள். ஜானட் நகரவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் தோளுக்கு மேலாக லூர்துவுக்கு எதிர்வீட்டுப் படிக்கட்டு தெரிந்தது.

அம்மாவின் குரலைக் கேட்டு சாண்ட்ரா வெளியே வந்திருந்தாள். கட்டு இல்லை. முட்டியில் வைத்த ஐஸ் துணிகூட கையில்தான் இருந்தது. "அம்மா, நான் சொல்றேன், அவர உடு," என்று சொல்லிக்கொண்டே இறங்கத் தொடங்கினாள். ஒரு கை சுவரில். இடது காலை மடக்காமல் நீட்டி, ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஒரே படியில் வைத்து இறங்கினாள்.

ஸ்கூட்டர் இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

உள்ளே போ என்று கத்த வேண்டும். ஜானட்டின் மூக்கு ஒரு சாண் தூரத்திலேயே இருந்தது. லூர்துவால் வாயைத் திறக்க முடியவில்லை.